அத்தியாயம் 4: மூன்று தட்டுகள் போதும்

ஜாஸ் கேட்க ஆசைப்படுகிறவர் முதலில் செய்யும் காரியம், "கேட்டே ஆகவேண்டிய நூறு ஆல்பங்கள்" என்று எங்கோ கிடைத்த ஒரு பட்டியலைப் பிடித்துக்கொள்வது. பத்தாவது ஆல்பம் வருவதற்குள் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும். பதினைந்தாவதில் ஆளே காணாமல் போய்விடுவார். குறை அவர் காதில் இல்லை. ஒரு தட்டைக்கூட இரண்டாம் முறை கேட்காமல் அடுத்ததற்குப் போனதுதான் குறை.

இந்த அத்தியாயத்தில் மூன்று தட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: ஜாஸுக்கு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', மேற்கத்திய செவ்வியலுக்கு க்ளென் கூல்ட் வாசித்த பாஹின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்', கட்டற்ற வாசிப்புக்கு ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்'. கூல்ட் அதை இரண்டு முறை பதிவு செய்திருப்பதால் கறாராக எண்ணினால் நான்கு. மூன்றையும் கேட்கும் முறை வேறு வேறு. ஜாஸில் சட்டகம் மாறாது, அதற்குள் பேசுவது மாறும். செவ்வியலில் சுரங்கள் எழுதியாகிவிட்டன, வாசிக்கும் ஆள்தான் மாறுகிறார். கட்டற்ற வாசிப்பில், அதாவது ஃப்ரீ இம்ப்ரொவைசேஷனில், சட்டகமும் கிடையாது, எழுதிய சுரமும் கிடையாது. எதிரே இருப்பவருக்கு ஒருவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைத்தான் பிடிக்க வேண்டும். ஒன்றைக் கேட்கும் முறையில் இன்னொன்றைக் கேட்டால் எதுவும் பிடிபடாது.

தொடங்குமுன்

விலை உயர்ந்த கருவி வேண்டாம். இடது, வலது இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும் ஹெட்ஃபோன் போதும். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். அது இரு பக்க ஒலியையும் கலந்து தந்துவிடும், மூன்றாம் பயிற்சி வீணாகும்.

1. செயலியில் கேட்பவராக இருந்தால் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கரைக்கும் கிராஸ்ஃபேட் வசதியையும் அணையுங்கள்.
2. ஈக்வலைசரில் பேஸ் ஏற்றிவைத்திருந்தால் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். டபுள் பேஸ் என்ற வாத்தியம் வீங்கிப்போய்க் கேட்டால் அதன் விரல்நடை தெரியாது.
3. போனின் அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் நிறுத்துங்கள்.
4. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் எழுத வேண்டாம். போன் கையில் இருந்தால் வேறெதையாவது பார்க்கத் தோன்றும்.

காதுக்குக் காவல்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சினிமாப் பாட்டு ஏறக்குறைய ஒரே சத்தத்தில் ஓடும். இந்த இசை அப்படியல்ல. சன்னமாக வாசிக்கும் இடத்தில் "கேட்கவில்லையே" என்று ஒலியைக் கூட்டுவீர்கள், அடுத்த நொடி டிரம்ஸ் மேல் விழும்.

- ஒரு தட்டின் மிகச் சத்தமான இடத்தை முதலில் ஓடவிட்டு, அது உறுத்தாத அளவில் ஒலியை வையுங்கள். பிறகு குமிழைத் தொடாதீர்கள்.
- பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒரு பங்காகிறது.
- பேருந்திலும் ரயிலிலும் இந்தப் பயிற்சிகளைச் செய்யாதீர்கள். வெளிச்சத்தத்தை வெல்லப் பார்த்தே ஒலி ஏறிவிடும்.
- கேட்டு முடித்ததும் காதில் ரீங்காரம் இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மறுநாளும் இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

முதல் பயிற்சி: 'ஸோ வாட்', ஆதி தாளத்தோடு

'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-இல் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் பதிவானது. இடம், நியூயார்க்கில் கிழக்கு 30-ஆம் தெருவில் பழைய தேவாலயம் ஒன்றில் கொலம்பியா நிறுவனம் நடத்திவந்த ஸ்டுடியோ. தட்டின் முதல் உருப்படி 'ஸோ வாட்', ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல்.

இதன் கட்டுமானம் 32 பார். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை, ஆக இரண்டு பார் சேர்ந்தால் நம் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம். மொத்தம் 16 ஆவர்த்தனம். கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுப் பழகியவருக்கு இதைவிடச் சுலபமான வாசல் ஜாஸில் கிடையாது.

1. முதல் அரை நிமிடம் பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் உலவும். கை சும்மா இருக்கட்டும்.
2. பால் சேம்பர்ஸின் பேஸ் ஒரு கேள்வி கேட்கும். மற்றவர்கள் இரண்டு அடியில் பதில் சொல்வார்கள். ஒரு கேள்வி, ஒரு பதில், ஓர் ஆவர்த்தனம். இங்கே தாளத்தைத் தொடங்குங்கள்.
3. எட்டு ஆவர்த்தனம் ஒரே இடத்தில் நிற்கும். ஒன்பதாவதில் எல்லாமே அரைச்சுரம் மேலே ஏறும். நான்கு ஆவர்த்தனம் அங்கே இருந்துவிட்டுக் கீழே இறங்கி, இன்னும் நான்கு. இப்படி 8, 4, 4 முடிந்தால் ஒரு சுற்று.
4. அறிமுகச் சுற்று முடிந்து மைல்ஸின் டிரம்பெட் தொடங்கும் இடத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி கொடுப்பார். அதன் கார்வை அந்தப் பெரிய கூடத்தில் மெல்லத் தேய்வதைக் கேளுங்கள். தாளம் தவறியிருந்தால் மறுபடி சேர்ந்துகொள்ள இதுவே இடம்.
5. மைல்ஸ், ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி மூவருக்கும் ஆளுக்கு இரண்டு சுற்று. மூவரும் அந்த 'மேலே ஏறும்' இடத்தை எப்படித் தாண்டுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்: ஏறுவதற்கு முன்பே தயாராகிறவர் யார், ஏறிய பிறகு ஒரு கணம் பொறுத்து வருகிறவர் யார்?
6. இன்னொரு நாள் தனி வாசிப்புகளை விட்டுவிட்டு, பேஸை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள்.

*குறிப்பு:* டிரம்ஸ்காரரின் இடது கால் ஹை-ஹாட்டை 2, 4-ஆம் எண்ணிக்கையில் மூடும். நம் கையில் அது சுண்டுவிரலிலும் நடுவிரலிலும் விழும். ஆவர்த்தனத்தின் பின்பாதியில் இரண்டு வீச்சுகளிலும் விழும். தட்டில் அழுத்தாமல் வீச்சில் அழுத்திப் பாருங்கள். ஜாஸின் ஆட்டம் உடலுக்குள் வருவது அப்போதுதான்.

*வழக்கமான தவறு:* 'ஸோ வாட்' புழங்கும் சுரங்கள் கரகரப்பிரியாவின் சுரங்கள். இதைக் கண்டுபிடித்த குஷியில் நம்மவர்கள் ராகமாகக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கமகம் எங்கே, பிரயோகம் எங்கே என்று தேடினால் ஏமாற்றம்தான். சுரவரிசை ஒன்றாக இருக்கலாம், இலக்கணம் வேறு.

*பதிப்பு பார்த்து வாங்குங்கள்:* முதல் நாள் பதிவின்போது ஒரு டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் மூன்று உருப்படிகள் பல ஆண்டுகளாகச் சற்றே சுருதி ஏறித்தான் வெளிவந்துகொண்டிருந்தன. 1990-களின் மறுபதிப்புகளில்தான் திருத்தினார்கள். சோதிக்க நம் வீட்டுச் சுருதிப் பெட்டியே போதும்: 2 கட்டையில் வைத்து 'ஸோ வாட்' பேஸோடு சேர்த்துப் பாருங்கள். ஒட்டாமல் மேலே நின்றால் உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு. தூக்கிப் போடவேண்டியதில்லை, தெரிந்திருந்தால் போதும்.

இது கைவந்த பிறகு பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்ததற்குப் போங்கள். ஒரே நாளில் ஒரே உருப்படியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாசித்திருக்கிறார்கள். 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யின் இரண்டு டேக்குகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். கண்ணாடிக் கோப்பைகள் மோதுவதும் யாரோ பேசுவதும் பதிவிலேயே இருக்கும். அந்தக் குழுவின் பேஸ்காரர் ஸ்காட் லஃபாரோ ஜூலை 6 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். மூன்றாம் பயிற்சியில் அவரை மறுபடி சந்திப்பீர்கள்.

நம்மூர் நண்பர்கள் பலர் 'சக்தி' குழுவில் தொடங்கச் சொல்வார்கள். ஜான் மெக்லாஃப்லினோடு எல். சங்கரும் விக்கு விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் அருமையாகத்தான் வாசித்திருக்கிறார்கள். ஆனால் ஜாஸ் கற்றுக்கொள்ள அது வழியல்ல என்பது என் கட்சி. கடத்தையும் வயலினையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம், புதிதாக எதையும் கேட்டிருக்க மாட்டோம்.

இரண்டாம் பயிற்சி: ஒரே ஆள், ஒரே இசை, 26 ஆண்டு இடைவெளி

கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸில் தொடக்கத்தில் ஓர் ஏரியா, பிறகு 30 வேரியேஷன்கள், முடிவில் அதே ஏரியா. கூல்ட் இதை 1955-இல் பதிவு செய்தார். 1981-இல் மறுபடி பதிவு செய்தார். இரண்டுமே மேலே சொன்ன அதே 30-ஆம் தெரு ஸ்டுடியோவில். முதலாவது 38 நிமிடத்துக்குச் சற்று மேல், இரண்டாவது 51 நிமிடம். அந்தப் பதின்மூன்று நிமிடம் எங்கே போனது என்பதுதான் பயிற்சி.

முதலில் ஒரு விஷயம். ஏரியாவின் இனிமையான மேல்மெட்டை வேரியேஷன்களில் தேடாதீர்கள், வராது. திரும்பத் திரும்ப வருவது அடியிலே ஓடும் பேஸ் வரிசை. ஏரியாவின் நீளம், 'ஸோ வாட்' போலவே, 32 பார்.

1. சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்து ஒரு முறை ஸட்ஜத்தைக் காதில் வாங்கிக்கொண்டு அணைத்துவிடுங்கள்.
2. 1955 பதிவின் ஏரியாவில் இடது கையின் அடிச்சுரங்களை மட்டும் பின்பற்றுங்கள். முதல் எட்டு பாரில் பாருக்கு ஒன்றாக வருபவை: ஸ, நி, த, ப, பிறகு க, ம, ப, ஸ. சங்கராபரணத்தின் சுரங்களாக வாய்க்குள் முனகிக்கொள்ளுங்கள்.
3. முனகலை நிறுத்தாமல் முதல் வேரியேஷனுக்குப் போங்கள். மேலே ஓட்டம் பிடித்தாலும் அடியில் அதே இறக்கம் இருக்கும். பிடிபடும்வரை இந்த இரண்டையும் தாண்டாதீர்கள்.
4. இப்போது 1981-இன் ஏரியா. ஒவ்வொரு சுரத்துக்கும் இடையே எவ்வளவு இடம்!
5. 25-ஆம் வேரியேஷனை இரண்டு பதிவிலும் கேளுங்கள். மைனரில் அமைந்தது, அரைச்சுரம் அரைச்சுரமாகத் துவண்டு இறங்குவது, நீளமானது. மற்றவை பெரும்பாலும் 1981-இல் நிதானமாகியிருக்க, இது சற்று வேகமாகியிருக்கும். 'இளமையில் வேகம், முதுமையில் நிதானம்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாமல் செய்கிறது இந்த டிராக்.
6. கடைசியாக, முழுவதையும் ஒரே மூச்சில் ஒரு முறை கேளுங்கள்.

கேட்கும்போது யாரோ கூடவே முனகுவது காதில் விழும். பதிவுக் கோளாறு அல்ல, கூல்ட்தான். வாசித்துக்கொண்டே பாடும் பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. சிலருக்கு இது எரிச்சலூட்டும். நாகஸ்வரத்தில் மூச்சு வாங்கும் ஓசைக்குப் பழகிய காதுக்கு ஒன்றும் ஆகாது.

*அடுத்த படி:* இதையே ஹார்ப்ஸிகார்டில் கேளுங்கள். அந்த வாத்தியத்தில் இதன் முதல் பதிவு வாண்டா லாண்டோவ்ஸ்கா 1933-இல் செய்தது. பிறகு பாஹின் செல்லோ சூட்டுகள்: 1936 முதல் 1939 வரை பாப்லோ கஸால்ஸ் பதிவு செய்தது ஒன்று, அதற்குப் பல பத்தாண்டு கழித்துப் பழைய முறைச் செல்லோவில் ஆனர் பில்ஸ்மா வாசித்தது ஒன்று. ஒரு சூட்டின் முதல் பகுதியை மட்டும் இருவரிடமும் கேட்டால் போதும்.

*வழக்கமான தவறுகள்:*

- செயலியில் 'பாஹ்' என்று மட்டும் தேடுவது. இயற்றியவர், படைப்பு, வாசிப்பவர் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.
- செயலி காட்டும் ஆண்டை நம்புவது. அது பெரும்பாலும் மறுபதிப்பின் ஆண்டு. பதிவான ஆண்டைத் தட்டின் உள்ளுறையில் பாருங்கள்.
- ஒன்பது சிம்ஃபனியும் அடங்கிய பெட்டியை முதலிலேயே வாங்குவது. பீத்தோவனின் ஐந்தாவது மட்டும், கார்லோஸ் க்ளைபர் வியன்னா ஃபில்ஹார்மானிக்கோடு 1974-இல் பதிவு செய்தது, ஒரு மாதத்துக்குத் தாங்கும்.
- பழைய 78 சுழற்சித் தட்டிலிருந்து எடுத்த பதிவில் இரைச்சல் இருக்கிறதென்று, இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்பைத் தேடிப் போவது. இரைச்சலோடு வாத்தியத்தின் உயிரும் போய்விட்டிருக்கும்.

மூன்றாம் பயிற்சி: இடது காது, வலது காது

1960 டிசம்பர் 21 அன்று ஆர்னெட் கோல்மன் இரண்டு நால்வர் குழுக்களை ஒரே அறையில் நிறுத்தி, ஏறக்குறைய 37 நிமிடம் நிற்காமல் வாசிக்கவைத்தார். ஒரு குழு இடது பக்கம், மற்றது வலது பக்கம். இடதில் கோல்மன், டான் செர்ரி, ஸ்காட் லஃபாரோ, பில்லி ஹிக்கின்ஸ். வலதில் எரிக் டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பர்ட், சார்லி ஹேடன், எட் பிளாக்வெல். முதல் முறை கேட்பவருக்குச் சந்தைக்கடை போலத்தான் இருக்கும். பதற வேண்டாம்.

1. ஒலி அளவை வையுங்கள். தொடக்கமே எட்டுப் பேரும் சேர்ந்து வெடிப்பதுதான், அதை வைத்தே அளவை முடிவு செய்யலாம்.
2. ஹெட்ஃபோனின் வலது பக்கத்தை மட்டும் காதில் வைத்து முதல் பத்து நிமிடம் கேளுங்கள். டால்ஃபியின் பேஸ் கிளாரினெட்தான் முதல் தனி வாசிப்பு.
3. அதே பத்து நிமிடத்தை இடது காதில் மட்டும். தனி வாசிப்பவர் இப்போது தூரத்தில் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அவரைச் சீண்டுகிறவர்கள் பக்கத்தில் வந்துவிடுவார்கள்.
4. இரண்டு காதிலும். இப்போது எட்டுப் பேரில் இருவரையாவது பெயர் சொல்லி அடையாளம் காணுங்கள்.
5. வேறொரு நாள் பிற்பகுதிக்குத் தாவி ஹேடன், லஃபாரோ இருவரின் பேஸ் வாசிப்பைக் கேளுங்கள். சத்தம் அடங்கியிருக்கும். அடிச்சுரத்தில் ஊன்றி நிற்பவர் ஒருவர், மேலே மேலே தாவுகிறவர் ஒருவர்.

நுட்பமாகச் சொன்னால் இது இன்னும் ஜாஸ்தான். இடையிடையே எழுதிய அடிகளை எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறார்கள், டிரம்ஸ் தாளத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் லண்டனிலும் ஜெர்மனியிலும் அந்தக் கைப்பிடியையும் விட்டுவிட்டார்கள். 1965-இல் லண்டனில் ஏஎம்எம் குழு; 1970-இல் டெரெக் பெய்லி, எவன் பார்க்கர், டோனி ஆக்ஸ்லி சேர்ந்து தொடங்கிய இன்கஸ் லேபிள். ஃப்ரீ இம்ப்ரொவைசேஷன் என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான்.

இங்கேதான் நம் பழக்கம் காலை வாரும். "ஆலாபனை மாதிரிதானே, எல்லாம் மனோதர்மம்" என்று நினைத்துக்கொள்வோம். இல்லை. ஆலாபனைக்கு ராகம் இருக்கிறது, தவறினால் ரசிகருக்குத் தெரியும். பெய்லி தம் புத்தகத்தில் இந்திய இசை, ஃப்ளெமெங்கோ, ஜாஸ் எல்லாவற்றையும் ஒரு மொழிக்குள் நிற்கும் மனோதர்மம் என்று ஒரு பக்கம் வைத்து, தாம் வாசிப்பதை எந்த மொழிக்கும் கட்டுப்படாதது என்று தனியாகப் பிரித்தார். எனவே சுரம், ராகம், தாளம் தேடுவதை விட்டுவிடுங்கள். தேடவேண்டியது நடத்தையை.

1. இருவர் மட்டும் வாசிக்கும் பதிவில் தொடங்குங்கள். பெய்லியும் பார்க்கரும் சேர்ந்தது ஏதாவது ஒன்று. பெரிய குழு பிறகு.
2. முடிந்தால் முதலில் காணொளியாகப் பாருங்கள். எந்தச் சத்தம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.
3. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.
4. நோட்டில் 'அழகு', 'கரடுமுரடு', 'வித்தியாசம்' என்றெல்லாம் எழுதாதீர்கள். வினைச்சொல் மட்டும்: குறுக்கிட்டார், விட்டுக்கொடுத்தார், நகலெடுத்தார், கேட்காததுபோல் இருந்தார், நிறுத்தினார். பத்து வினைச்சொல் சேர்ந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது கண்முன் வந்துவிடும்.
5. மறுவாரம் அதே பத்து நிமிடம். பழைய பட்டியலைப் பார்க்காமல் புதிதாக எழுதி, பிறகு ஒப்பிடுங்கள்.

*எச்சரிக்கை:* 1968-இல் பீட்டர் ப்ரோட்ஸ்மன் எட்டுப் பேர் கொண்ட குழுவாகப் பதிவு செய்த 'மெஷின் கன்' புகழ்பெற்றது. பெயரே சொல்லும். அதில் தொடங்காதீர்கள், ஹெட்ஃபோனில் உரக்க வைக்கவே வைக்காதீர்கள். ஏஎம்எம் நேர் எதிர். பல இடங்களில் காற்றுச் சத்தம் அளவுக்குத்தான் இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியது. ஒலியைக் கூட்டியிருந்தால் அடுத்த தட்டுக்குப் போகுமுன் மறக்காமல் குறையுங்கள்.

நேரில் கேட்கப் போனால்

ஜாஸில் ஒருவர் தனி வாசிப்பை முடித்ததும் நடுவிலேயே கைதட்டலாம், தனி ஆவர்த்தனத்துக்குத் தட்டுவது போல. செவ்வியல் கச்சேரியில் ஒரு சிம்ஃபனியின் பகுதிகளுக்கு இடையே தட்டுவது வழக்கமில்லை. ஃப்ரீ இம்ப்ரொவைசேஷனில், வாசிப்பவர்கள் வாத்தியத்தைக் கீழே இறக்கும்வரை பொறுங்கள். அமைதியும் வாசிப்பின் பகுதியாக இருக்கலாம். "ஆஹா", "பேஷ்" எல்லாம் வீட்டோடு. பையில் ஒரு ஜோடி காதடைப்பான் இருக்கட்டும்.

தட்டு வாங்குகிறவருக்கு

- எல்பி-யைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலோட்டமான மெல்லிய கோடுகள் பெரும்பாலும் ஒலிக்காது. நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒலிக்கும்.
- நிற்கவைத்து அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் எடையில் வளையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் எல்பி-யை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அப்பளம்தான்.
- எல்பி-யைத் துடைக்கும் ஆல்கஹால் கலந்த திரவத்தை 78 சுழற்சி அரக்குத் தட்டில் படவிடாதீர்கள். அரக்கு கரையும், தட்டு அத்தோடு போச்சு.
- எல்பி-க்கு உரிய முள்ளால் 78-ஐ ஓட்டக் கூடாது, 78-க்கு உரிய முள்ளால் எல்பி-யையும் ஓட்டக் கூடாது. பள்ளத்தின் அகலமே வேறு.
- முள்ளின் அழுத்தத்தை அதன் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவில் வையுங்கள். லேசாக வைத்தால் தட்டு தேயாது என்று நினைப்பது தவறு. முள் பள்ளத்துக்குள் துள்ளித்தான் அதிகம் கெடுக்கும்.
- ஆம்ப்ளிஃபையரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் முதலில் டர்ன்டேபிளின் எர்த் ஒயரைப் பாருங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு மட்டும் கை வையுங்கள்.

இந்த நான்கு பதிவுகளுக்கு இரண்டு மாதமாவது கொடுங்கள். அதன் பிறகும் ஏதாவது ஒன்று பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். பெரிய பெயர் என்பதற்காக அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டாம். கேட்க ஆள் இருந்தால் கொடுத்துவிட்டு, நோட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் கிழிக்காமல் விட்டுவையுங்கள். ஐந்தாவது தட்டை எதிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்பதை அந்த வினைச்சொற்களிலிருந்து அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.